‘ரேட்டிஃபை’ என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் எதை எழுதுவது: அங்கீகாரமா, பின்னேற்பா, ஏற்புறுதியா?

சொல்லேர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையையும் தீர்மானப் புத்தகத்தையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். சென்ற மாதம் வந்த தீர்மானங்களுள் ஒன்று, மழையில் சரிந்த சுற்றுச்சுவரைச் செயலாளர் உடனே கட்டச்சொல்லிச் சங்கப் பணத்திலிருந்து செலவிட்டதை நிர்வாகக் குழு ‘ரேட்டிஃபை’ செய்ததாகக் கூறியது. நான் ‘சுற்றுச்சுவர்ப் பணிக்கான செலவு அங்கீகரிக்கப்படுகிறது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பொதுக்குழுக் கூட்டத்தில் முதிய உறுப்பினர் ஒருவர் எழுந்து, அங்கீகாரம் கிடைத்த பிறகு வேலை தொடங்கியதா, வேலை முடிந்த பிறகு அங்கீகாரம் வாங்கப்பட்டதா என்று கேட்டிருக்கிறார். ஆங்கிலப் படியைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் விடை அந்த ஒரு வினைச்சொல்லிலேயே இருந்தது. தமிழ்ப் படியை மட்டும் படித்தவர்களுக்கு அது தெரியாமல் போயிற்று. செலவு நியாயமானதுதான், அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் நான் தேர்ந்த சொல் ஒரு செய்தியை மறைத்துவிட்டது என்பது எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது.

அகராதிகளைப் புரட்டினால் உறுதிப்படுத்து, அங்கீகரி, ஒப்புதல் அளி, ஏற்பளி என்று சொற்கள் வரிசையாக நிற்கின்றன. ‘அப்ரூவ்’, ‘கன்ஃபர்ம்’, ‘சாங்ஷன்’ ஆகிய வினைகளைத் தேடினாலும் ஏறத்தாழ இதே வரிசைதான் கிடைக்கிறது. இந்த நான்கு ஆங்கில வினைகளும் உண்மையில் எங்கே பிரிகின்றன, அந்தப் பிரிவைத் தமிழில் எப்படிக் காப்பது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கறுப்பங்கி

சொல்லேர் அவர்களுக்கு வணக்கம். வழக்கறிஞர் தொழிலில் இருப்பதால் இந்த வினையோடு எனக்கு நாள்தோறும் பழக்கம் உண்டு. நீங்கள் கூறும் சுற்றுச்சுவர், இந்தச் சொல்லின் மிகத் தூய பயன்பாட்டுக்கு எடுத்துக்காட்டாகும். ஒருவர் தமக்கு அதிகாரம் இல்லாத நிலையில் இன்னொருவர் பெயரால் ஒரு செயலைச் செய்கிறார். அதன் பிறகு அந்த இன்னொருவர், ‘அது என் செயலே’ என்று ஏற்றுக்கொள்கிறார். இந்த இரண்டாவது செயலுக்குத்தான் ‘ரேட்டிஃபை’ என்று பெயர்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 196 முதல் 200 வரையிலான ஐந்து பிரிவுகளில் இதை வரையறுக்கிறது. 196-ஆம் பிரிவின்படி, தம் அதிகாரமின்றித் தமக்காகச் செய்யப்பட்ட செயலை ஒருவர் ஏற்கலாம், அல்லது தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தள்ளிவிடலாம். ஏற்றுவிட்டால், அந்தச் செயல் தொடக்கம் முதலே அவருடைய அதிகாரத்தோடு செய்யப்பட்டது போன்ற விளைவுகள் அனைத்தும் உண்டாகும். காலத்தில் பின்னோக்கிச் சென்று பற்றுகிற இந்த ஆற்றல்தான் இச்சொல்லின் உயிர். ‘அப்ரூவ்’ என்ற வினைக்கு இந்த ஆற்றல் தானாக வருவதில்லை. நாளை செய்யப்போகும் வேலையையும் ‘அப்ரூவ்’ செய்யலாம். ஆனால் நாளை கட்டப்போகும் சுவரை எவரும் ‘ரேட்டிஃபை’ செய்ய முடியாது.

197-ஆம் பிரிவு, ஏற்பு வாய்ச்சொல்லாகவோ எழுத்தாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை, நடத்தையாலும் ஆகலாம் என்கிறது. சட்டத்திலேயே கொடுக்கப்பட்டுள்ள எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தமானது. உங்கள் பணத்தை உங்களைக் கேளாமல் ஒருவர் மூன்றாம் நபருக்குக் கடனாகக் கொடுத்துவிடுகிறார். பின்னர் அந்த மூன்றாம் நபரிடமிருந்து நீங்கள் வட்டியை வாங்கிக்கொள்கிறீர்கள். வட்டிக்குக் கை நீட்டிய அந்தக் கணத்திலேயே நீங்கள் அந்தக் கடனை ஏற்றுவிட்டீர்கள். அங்கே தீர்மானமும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆகவே ‘அதிகாரப்பூர்வமாக அறிவித்தல்’ என்று இதைப் பெயர்ப்பது பாதிப் பொருளை மட்டுமே தரும்.

அடுத்த மூன்று பிரிவுகளும் எல்லை வகுப்பவை. உண்மை நிலவரம் சரியாகத் தெரியாமல் கொடுத்த ஏற்பு செல்லாது. ஒரு நடவடிக்கையின் ஒரு பகுதியை ஏற்றால் அந்த நடவடிக்கை முழுவதையும் ஏற்றதாகும். இலாபமான பகுதியை எடுத்துக்கொண்டு இழப்பான பகுதியைத் தள்ள முடியாது. மூன்றாம் நபருக்குக் கேடு விளைக்கும் வகையில் பின்னோக்கி ஏற்க முடியாது. உதாரணமாக, மூன்று மாத முன்னறிவிப்பின் பேரில் முடிக்கத்தக்க குத்தகையை, அதிகாரமற்ற எவரோ ஒருவர் அறிவிப்புக் கொடுத்து முடிக்க முயன்றால், உரிமையாளர் பிறகு அந்த அறிவிப்பை ஏற்றுக் குத்தகைதாரரைக் கட்டுப்படுத்த இயலாது.

செயல் நடந்த நாளில் ஏற்பவர் இருந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 1866-இல் இங்கிலாந்தில் கெல்னர் எதிர் பாக்ஸ்டர் என்ற வழக்கு நடந்தது. இன்னும் பதிவே செய்யப்படாத ஒரு விடுதி நிறுவனத்தின் பெயரால் அதன் தொடக்குநர்கள் திராட்சை மது வாங்கினார்கள். நிறுவனம் உருவான பின் அந்தக் கொள்முதலை ஏற்பதாகக் கூறியது. வாங்கிய நாளில் பிறக்கவே இல்லாத நிறுவனம் அதை ஏற்க முடியாது என்றும், கையெழுத்திட்டவர்களே பணம் தர வேண்டும் என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. நம் நாட்டில் இளவர், அதாவது வயது வராதவர், செய்த ஒப்பந்தமும் இப்படித்தான். 1903-இல் மோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில், அன்று இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில், இளவரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே இல்லாத ஒன்று என்று கூறியது. இல்லாத ஒன்றை வயது வந்த பிறகு ஏற்பதற்கு வழியில்லை என்பது அதிலிருந்து வரும் முடிவு.

இவ்வளவையும் சுமக்கும் தமிழ்ச் சொல் ‘பின்னேற்பு’ என்பதே என் கருத்து. ‘பின்’ என்ற முன்னொட்டு உங்கள் முதிய உறுப்பினரின் கேள்விக்கு நேரடியாக விடை சொல்கிறது.

கோப்புக்கட்டு

வழக்கறிஞர் ஐயா கூறியதை வழிமொழிகிறேன். நகராட்சி அலுவலகம் ஒன்றில் மன்றக் கூட்டப் பொருள்களைத் தயாரிக்கும் இருக்கையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். குடிநீர்க் குழாய் உடைந்தால் மன்றம் கூடும் வரை காத்திருக்க முடியாது. மன்றத்தின் அனுமதியை எதிர்நோக்கி வேலையைச் செய்து முடித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் ‘மன்றத்தின் பின்னேற்புக்கு வைக்கப்படுகிறது’ என்று பொருள் எழுதுவோம். முன்கூட்டியே கேட்பதாக இருந்தால் ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்று எழுதுவோம். இந்த வேறுபாட்டை எங்களுக்கு எவரும் இலக்கணமாகக் கற்றுத் தரவில்லை. தணிக்கைக்கு வருபவர்கள் கற்றுத் தந்தார்கள். பின்னேற்பு என்ற சொல்லைக் கண்டவுடன் அவர்கள் வேலை ஆணையின் தேதியையும் தீர்மானத்தின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அவசரம் என்ன என்று கேட்பார்கள். அம்மா எழுதிய ‘அங்கீகரிக்கப்படுகிறது’ என்ற சொல்லைப் பார்த்திருந்தால் அவர்கள் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு மேலே போயிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அடுத்த கூட்டத்தில் படித்து ஏற்பதும் பின்னால் நடப்பதுதான், ஆனால் அது பின்னேற்பு அன்று. நடந்தது நடந்தபடியே எழுதப்பட்டுள்ளது என்று சொல்வது மட்டுமே அது. அதற்கு ‘உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதுவதே முறை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘கன்ஃபர்ம்’ வரும்.

சொல்லேர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என் சங்கத் தீர்மானத்தைப் பொறுத்தவரை ஐயம் தீர்ந்தது. ஆயினும் இன்னொரு கட்டுரை மேசையில் இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்னும் ‘ரேட்டிஃபை’ செய்யவில்லை என்று அதில் வருகிறது. அங்கேயும் ‘பின்னேற்பு’ என்றே எழுதலாமா?

எல்லைக்கோடு

எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கல்லூரியில் பன்னாட்டு உறவுகளைக் கற்பிப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உடன்படிக்கைகளின் சட்டம் பற்றிய வியன்னா உடன்படிக்கை 1969-இல் ஏற்கப்பட்டு 1980-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் உறுப்பு, ஒரு நாடு தான் ஓர் உடன்படிக்கைக்குக் கட்டுப்படச் சம்மதிப்பதைப் பன்னாட்டுத் தளத்தில் நிலைநாட்டும் செயல் என்று இச்சொல்லுக்குப் பொருள் கூறுகிறது. அதிகாரமின்றி எவரோ செய்ததைச் சரிசெய்யும் பேச்சே அதில் இல்லை. கையெழுத்திட்ட தூதர் முழு அதிகாரத்தோடுதான் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்துக்கும் மதிப்பு உண்டு: 18-ஆம் உறுப்பின்படி, கையெழுத்திட்ட நாடு, தான் உறுப்பு நாடாகப் போவதில்லை என்று தெளிவுபடுத்தும் வரை, அந்த உடன்படிக்கையின் நோக்கத்தையே குலைக்கும் செயல்களைத் தவிர்க்க வேண்டும். ஆனால் கட்டுப்பாடு முழுமையாகப் பிறப்பது இரண்டாம் படியில்தான். அது முன்னோக்கியே செல்கிறது. கையெழுத்திட்ட நாளுக்குப் பின்னோக்கிப் போய்ப் பற்றுவதில்லை. இந்தியா இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் 1949-இல் கையெழுத்திட்டு 1959-இல் இந்த இரண்டாம் படியை ஏறியது. இடைப்பட்ட பத்தாண்டுகளுக்கு இந்தியா அதன் உறுப்பு நாடாக இருந்தது என்று எவரும் கணக்கிடுவதில்லை.

சில உடன்படிக்கைகளில் முதற்படியே கிடையாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளை அதன் மாநாடு வாக்களித்து ஏற்கிறது. நாடுகள் தனித்தனியே கையெழுத்திடுவதில்லை, நேராக ‘ரேட்டிஃபை’ செய்கின்றன. குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களைத் தடுக்கும் 182-ஆம் உடன்படிக்கையை இந்தியா 2017-இல் அவ்வாறு ஏற்றது. 2020 ஆகஸ்டில் டோங்கா நாடும் ஏற்றபோது, அந்த அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் ஏற்ற முதல் உடன்படிக்கையாக அது ஆயிற்று. எதற்குப் ‘பின்’ என்று இங்கே கேட்டால் விடை சொல்வது கடினம்.

கையெழுத்திடாமல் பிறகு வந்து சேர்வதற்கு ஆங்கிலத்தில் ‘அக்சீட்’ என்ற வேறு வினை இருக்கிறது. குழந்தைகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் அவ்வாறு சேர்ந்தது. அமெரிக்கா 1995-இல் கையெழுத்திட்டும் இன்றுவரை இரண்டாம் படியை ஏறவில்லை. செய்தியாளர்கள் இவை எல்லாவற்றுக்கும் ‘ஒப்பந்தத்தை ஏற்றது’ என்று ஒரே தொடரைப் பயன்படுத்துவது பெருங்குழப்பத்தை உண்டாக்குகிறது. கையெழுத்துக்கு ‘ஒப்பமிடல்’, இரண்டாம் படிக்கு ‘ஏற்புறுதி’, பிறகு வந்து சேர்வதற்கு ‘இணைதல்’ என்று பிரித்து எழுதுவதையே நான் மாணவர்களிடம் வலியுறுத்துகிறேன்.

அமெரிக்கச் செனட் ‘ரேட்டிஃபை’ செய்கிறது என்று ஆங்கில ஏடுகளே எழுதுவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்நாட்டு அரசமைப்பின்படி, வருகை தந்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவோடு செனட் தருவது ஆலோசனையும் இசைவும் மட்டுமே. அந்த இசைவைப் பெற்ற பின் ஏற்புறுதி ஆவணத்தில் கையெழுத்திடுபவர் குடியரசுத் தலைவர்.

பழையஏடு

எல்லைக்கோடு ஐயா தந்த பிரிப்பு தெளிவாக உள்ளது. ஆனால் இரண்டு பயன்பாடுகளும் வெவ்வேறு சொற்களைக் கேட்கும் அளவுக்கு அந்நியமானவை என்பதை ஏற்கத் தயங்குகிறேன். சொல்லின் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

இலத்தீனில் எண்ணுதல், கணித்தல் என்ற பொருள் தரும் வினையின் முற்றுப்பெற்ற வடிவம் ‘ரத்துஸ்’. கணக்குப் பார்த்து முடிந்தது, இனி மாறாதது என்று அதற்குப் பொருள். விகிதத்தைக் குறிக்கும் ‘ரேஷியோ’வும், காரணத்தைக் குறிக்கும் ‘ரீசன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ‘ஆக்கு’ என்று பொருள்படும் விகுதி சேர்ந்து, பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘மாறாததாக ஆக்கு’ என்பதே சொல்லின் நேர்ப்பொருள்.

மன்னர்கள் தூதர்களைக் கடல் கடந்து அனுப்பிய காலத்தில், தூதர் என்ன எழுதிக் கொடுத்தார் என்பதை மன்னர் பல வாரங்களுக்குப் பிறகே அறிந்தார். தந்த அதிகாரத்துக்குள் நின்றாரா என்று பார்த்து, ஆம் என்றால் தம் முத்திரையை இட்டு அதை மாறாததாக ஆக்கினார். முகவர் செய்ததை முதல்வர், அதாவது அவரை அனுப்பியவர், ஏற்பது என்ற அதே உறவுதான் இது. அமெரிக்கப் புரட்சிப் போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கையைப் பாருங்கள். 1783 செப்டம்பர் 3-ஆம் நாள் கையெழுத்தாயிற்று. ஆறு மாதங்களுக்குள் இரு தரப்பும் ஏற்பு ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று அதன் இறுதி உறுப்பு கூறியது. அமெரிக்கக் காங்கிரஸ் அப்போது அனாபொலிஸ் நகரில் கூடியது. ஒன்பது மாநிலங்களின் வாக்கு தேவைப்பட்டது. கடுங்குளிரில் அத்தனை மாநிலங்களின் உறுப்பினர்களும் வந்து சேரவில்லை. 1784 ஜனவரி 14-இல்தான் வாக்கெடுப்பு முடிந்தது. ஆவணம் கடலைக் கடப்பதற்குள் கெடு தாண்டிப் போயிற்று. பிரிட்டன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மே 12-ஆம் நாள் பரிமாற்றம் நடந்தது. போர் ஓய்ந்து, படைகள் வெளியேறி, எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அந்தத் தாளுக்காக மட்டும் இரு நாடுகள் காத்திருந்தன.

அமெரிக்க அரசமைப்பின் கதை இதைவிடப் பொருத்தமானது. 1787-இல் பிலடெல்பியாவில் கூடியவர்கள், இருந்த கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவதற்காக மட்டுமே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் புதிய அரசமைப்பையே எழுதிவிட்டார்கள். அதிகார வரம்பைத் தாண்டிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு, அவர்களுள் ஒருவரான மேடிசன் தந்த விடைகளுள் ஒன்று, மக்களின் ஏற்பு கிடைத்துவிட்டால் அந்தக் குறை நீங்கிவிடும் என்பது. ஒன்பது மாநிலங்களின் மாநாடுகள் ஏற்றால் போதும் என்று ஏழாம் உறுப்பு கூறியது. 1788 ஜூன் 21-இல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஏற்றது. கறுப்பங்கி அவர்கள் சொன்ன 196-ஆம் பிரிவை ஒரு நாட்டின் அளவுக்கு விரித்துப் பார்ப்பது போல் இருக்கிறது.

எல்லைக்கோடு

பழையஏடு அவர்கள் சொன்ன வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் அந்த உறவு இன்று அற்றுவிட்டது என்பதற்கு, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்யப்பட்ட வெர்சாய் உடன்படிக்கையே சான்று. 1919 ஜூன் 28-இல் அதில் கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் தாமே. அவரே பாரிஸில் பல மாதங்கள் அமர்ந்து பேசியவர். அவருக்கு மேலான முதல்வர் யார், அவர் யாருடைய முகவர்? ஆயினும் செனட் 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் இசைவு மறுத்தது. அமெரிக்கா ஜெர்மனியோடு 1921-இல் தனியாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. தூதர் வரம்பு மீறினாரா என்ற கேள்வி அங்கே எழவில்லை. ஒரு நாடு தன்னைக் கட்டிக்கொள்வதற்கு முன் உள்நாட்டில் யோசிப்பதற்கான இடைவெளியாகவே அந்தப் படி இன்று இருக்கிறது.

கறுப்பங்கி

அந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற விடை, முதல்வர் நாடு, முகவர் வில்சன் என்பதே. ஆனால் எல்லைக்கோடு ஐயா முன்வைத்த காலத்தின் திசை பற்றிய வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை, அதை ஏற்கிறேன். என் துறையிலிருந்தே அதற்கு வலுச்சேர்க்கும் ஒன்றும் நினைவுக்கு வருகிறது.

இந்திய அரசமைப்பின் 368-ஆம் உறுப்பின்படி, சில வகைத் திருத்தங்களை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றினால் மட்டும் போதாது. மாநிலச் சட்டப்பேரவைகளில் பாதிக்குக் குறையாதவை தீர்மானத்தின் மூலம் ‘ரேட்டிஃபை’ செய்ய வேண்டும், அதன் பிறகே மசோதா குடியரசுத் தலைவரிடம் செல்லும். சரக்கு மற்றும் சேவை வரிக்கான 101-ஆம் திருத்தத்தை 2016 ஆகஸ்ட் 12-இல் அசாம் பேரவை முதலாவதாக ஏற்றது. தேவையான எண்ணிக்கை சேர்ந்த பின் செப்டம்பர் 8-இல் குடியரசுத் தலைவரின் இசைவு கிடைத்தது. நாடாளுமன்றம் இங்கே பேரவைகளின் முகவர் அன்று. தனக்குரிய அதிகாரத்தைத்தான் அது பயன்படுத்தியது. பேரவைகள் அதைச் சரிசெய்யவும் இல்லை. அது நிறைவுபெற வேண்டிய பங்கைத் தாமும் தருகின்றன. இங்கே ‘பின்னேற்பு’ என்று எழுதினால், வேலை முடிந்த பிறகு சடங்குக்காகக் கேட்பது போன்ற தோற்றம் உண்டாகி, மாநிலங்களின் உரிமை சிறுத்துப்போகும். அது எனக்கு ஏற்புடையதன்று. ஆகவே முதலில் நான் ‘எல்லா இடத்திலும் பின்னேற்பு’ என்ற பொருள்பட எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

சொல்லேர்

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ஒரே ஆங்கில வினைக்கு ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடியதுதான் என் முதற்பிழை என்று இப்போது தோன்றுகிறது. பழையஏடு அவர்கள் சொன்ன ‘மாறாததாக ஆக்கு’ என்ற வேர்ப்பொருள் எங்கும் நிற்கிறது. ஆனால் எது மாறாததாக ஆகிறது என்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. செயல் முன்பே நடந்து முடிந்து, பொறுப்பு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் ‘பின்னேற்பு’ என்றும், ஏற்பு கிடைக்கும் வரை கட்டுப்பாடு பிறக்கவே செய்யாது என்றால் ‘ஏற்புறுதி’ என்றும் எழுத முடிவு செய்திருக்கிறேன். கட்டுரையில் ‘1997-இல் ஒப்பமிட்ட இந்தியா, அந்த உடன்படிக்கைக்கு இன்னும் ஏற்புறுதி வழங்கவில்லை’ என்று மாற்றிவிட்டேன். சங்கத் தீர்மானத்தைக் கீழ்வருமாறு திருத்தி அனுப்பலாம் என்று எண்ணுகிறேன்:

‘மழையில் சரிந்த சுற்றுச்சுவரைச் செயலாளர் சீரமைத்ததற்கும் அதற்கான செலவுக்கும் இக்குழு பின்னேற்பு வழங்குகிறது.’

கோப்புக்கட்டு

சொல் சரியாக உள்ளது, அம்மா. வேலை முடிந்த தேதியையும், குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே பெறப்படாததற்கான காரணத்தையும் ஆங்கிலப் படியில் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் இதே வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள். இல்லையென்றால், மொழிபெயர்ப்பாளர் தாமாகச் சேர்ப்பது முறையாகாது. செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். உண்மை நிலவரம் தெரிந்து கொடுத்த ஏற்புதான் செல்லும் என்று வழக்கறிஞர் ஐயா சொன்னாரே, அந்த நிலவரம் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

சொல்லேர்

தேதி இருக்கிறது, காரணம் இல்லை. செயலாளருக்கு இன்றே எழுதுகிறேன்.